அஞ்சலையின் ஆட்டோ விழித்துக்கொண்ட வெள்ளிக்கிழமை

கரூரில் வியாழக்கிழமை காலை ஐந்தே முக்கால் மணிக்கு ரயில் ஏறினேன். திருச்சி எழுபத்தாறு கிலோமீட்டர். அங்கே வண்டி மாறி இன்னொரு நூற்றிருபது கிலோமீட்டர் போனால் விருத்தாசலம். இறங்கும்போது மணி பதினொன்றே கால். பள்ளி விடுமுறையின் கடைசி வாரம் என்பதால் பெட்டி முழுக்க ஊர் திரும்பும் குடும்பங்களும் மாம்பழ வாசனையும்.

நான் ஒரு கல்லூரியில் நூலகர். வருடத்தில் பத்து மாதம் மற்றவர்கள் எழுதிய பயண நூல்களுக்கு எண் போட்டு அடுக்கி வைப்பவள். என் தம்பி செல்வம் நெய்வேலி அனல்மின் நிலையத்தில் கருவிகள் பிரிவில் டெக்னீஷியன்; பதினான்கு வருடமாக அங்கே இருக்கிறான். இத்தனை வருடத்தில் நான் அங்கே போனது இரண்டே முறை. இரண்டும் விசேஷத்துக்கு. போனோம், சாப்பிட்டோம், திரும்பினோம். இந்த முறை ஊரைப் பார்ப்பதற்கென்றே நான்கு நாள் ஒதுக்கியிருந்தேன்.

விருத்தாசலத்திலிருந்து நெய்வேலிக்குப் பேருந்தில் இருபத்தைந்து கிலோமீட்டர், கட்டணம் இருபத்திரண்டு ரூபாய். மந்தாரக்குப்பம் நெருங்கும்போது இடது பக்கம் ஒரு மலைத்தொடர் தெரிந்தது. உச்சி முழுக்கக் கத்தியால் சீவியதுபோல் ஒரே மட்டம். பக்கத்தில் இருந்தவரிடம் அது என்ன மலை என்று கேட்டேன்.

"மலை இல்லீங்க, மைன்ஸ் மண்ணு. தோண்டி எடுத்து கொட்டினது. நான் சின்னப் புள்ளையா இருக்கறப்ப அங்க ஒண்ணும் கெடையாது" என்றார். பிறகு அதில் முளைத்திருந்த மரங்களைச் சுட்டிக் காட்டி, "இப்ப மயிலு இருக்குது" என்று சேர்த்துக்கொண்டார்.

டவுன்ஷிப் பேருந்து நிலையத்தில் ஒரு பச்சை நிற பேட்டரி ஆட்டோ என்னை ஏற்றிக்கொள்ளும் என்று செல்வம் சொல்லியிருந்தான். ஓட்டுபவர் பெயர் அஞ்சலை. முப்பத்தைந்து நிமிடம் நின்றேன். பச்சை ஆட்டோ வரவில்லை. செல்வம் டியூட்டியில் இருந்ததால் போனை எடுக்கவில்லை. வேறொரு ஆட்டோவுக்கு நூறு ரூபாய் கொடுத்து பத்தொன்பதாவது பிளாக்குக்குப் போய்ச் சேர்ந்தேன்.

குவார்ட்டர்ஸ் வாசலில் என் தம்பி மனைவி மாலாவுடன் ஒரு பெண் நின்றிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். சேலைக்கு மேல் காக்கிச் சட்டை, கையில் ஒரு ஆட்டோ சாவி. என்னைப் பார்த்ததும் வேகமாக வந்து பெட்டியை வாங்கிக்கொண்டார்.

"மன்னிச்சிக்கங்க மேடம். நான்தான் அஞ்சலை. உங்க நம்பரு என்னாண்ட இல்ல. சாருக்குப் போன்ல சொன்னா சரியா இருக்காதுன்னு பஸ்ஸு புடிச்சி நேரா வந்துட்டேன். வண்டி எழுந்திரிக்க மாட்டேங்குது."

வண்டி வராததைச் சொல்ல பதினைந்து கிலோமீட்டர் பேருந்தில் வந்திருக்கிறார். எனக்கு இருந்த கோபம் அங்கேயே போய்விட்டது. மாலா மூன்று பேருக்கும் மோர் கொண்டுவந்தாள்.

நடந்தது இதுதான். ஏப்ரல் நடுவில் அஞ்சலையின் மகளுக்கு மேல்பட்டாம்பாக்கத்தில், புகுந்த வீட்டில் இருக்கும்போதே, குறித்த நாளுக்கு முன்னால் பிரசவ வலி வந்துவிட்டது. குழந்தை ஒன்றரைக் கிலோ. கடலூர் மருத்துவமனையில் இருபது நாள், பிறகு மேல்பட்டாம்பாக்கத்தில் இருபது நாள் என்று அஞ்சலை மகளோடேயே இருந்துவிட்டார். இப்போது தாயும் பிள்ளையும் நலம். ஆனால் வீட்டுக்குத் திரும்பிச் சாவியைப் போட்டால் ஆட்டோவில் ஒரு விளக்குகூட எரியவில்லை. சார்ஜரைச் சொருகினால் பச்சை விளக்கு மட்டும் சிமிட்டுகிறது, சார்ஜ் ஏறவில்லை. விருத்தாசலத்தில் ஒரு பேட்டரிக் கடைக்காரர் வந்து பார்த்துவிட்டு, லித்தியம் பேட்டரி செத்துவிட்டது, புதிது எழுபத்திரண்டாயிரம் என்று சொல்லிப் போய்விட்டார்.

"திங்கக்கெழம ஸ்கூலு தொறக்குது மேடம். ஆறு புள்ளைங்க என் வண்டி. ஞாயித்துக்கெழமைக்குள்ள வண்டி ரெடின்னு நான் சொல்லலன்னா அவங்க வேற வண்டி பாத்துக்குவாங்க. ஒரு தபா போன புள்ளைங்க திரும்ப வராது."

மாலை நான்கரை மணிக்கு செல்வம் ஷிப்ட் முடிந்து வந்தான். சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து அஞ்சலை சொன்னதை முழுதாகக் கேட்டான்.

"சாவிய எடுத்தீங்க. சீட்டுக்கு அடியில ஒரு பெரிய ஸ்விட்ச் இருக்கும், அத ஆஃப் பண்ணீங்களா?"

"இல்லியே சார். ஆஸ்பத்திரிக்கு ஓடுற அவசரத்துல எங்க..."

"அப்ப வண்டில இருக்கிற ஜிபிஎஸ் நாப்பது நாளா கொஞ்சங்கொஞ்சமா குடிச்சிருக்கு. பேட்டரிக்குள்ள காவலுக்கு ஒரு போர்டு இருக்கும். சார்ஜ் ரொம்பக் கொறைஞ்சா செல்லு கெட்டுப் போகக் கூடாதுன்னு அதுவே எல்லாத்தையும் மூடிடும். வெளிய இருந்து பாத்தா செத்த மாதிரிதான் தெரியும்."

"அப்ப சாவலியா?"

"பாத்தாதான் தெரியும். நாளைக்கு எனக்கு வீக்லி ஆஃப். வர்றேன்."

என் சுற்றுலாத் திட்டத்தில் முதல் நாளுக்கு மெயின் பஜாரும் பூங்காவும் இருந்தன. நானும் வருகிறேன் என்றேன். செல்வம் சிரித்தான். "ஊரைப் பார்க்கத்தானே வந்த? வா."

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு மெயின் பஜாரில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கடை திறப்பதற்காகக் காத்திருந்தோம். செல்வம் அங்கே ஒரு டயோடு வாங்கினான். சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிது, விலை முப்பது ரூபாய். மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் போகவிடும் பொருள் அது என்று விளக்கினான். பிறகு நகரப் பேருந்து. மகளிருக்குக் கட்டணமில்லை என்பதால் எனக்கு இலவசம், தம்பிக்கு மட்டும் டிக்கெட். பையில் அவனுடைய சொந்த மல்டிமீட்டர் இருந்தது.

"பிளான்ட்ல ஒரு பவர் சப்ளை இருக்குக்கா. அது இருந்தா பத்து நிமிஷ வேலை. ஆனா கேட்டுக்கு வெளிய ஒரு ஸ்குருகூட எடுத்துட்டு வர முடியாது. வரவும் கூடாது" என்றான்.

கம்மாபுரத்துக்கு முன்பே ஒரு நிறுத்தத்தில் இறங்கி, இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும். சாலையின் ஒரு புறம் நெல் அறுத்த வயல். மறுபுறம் வேலி போட்ட வெற்று நிலம். வேலிக்கு அப்பால் வெகுதூரத்தில் மண் வெட்டும் பிரம்மாண்ட இயந்திரத்தின் கழுத்து மட்டும் தெரிந்தது. பாதையோரம் ஒரு வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. கோடையில் இவ்வளவு தண்ணீரா என்று காலை நனைத்துப் பார்த்தேன். குளிக்க வெந்நீர் வளாவியதுபோல் இளஞ்சூடு. சுரங்கத்துக்கு அடியிலிருந்து இரவும் பகலும் இறைத்து வெளியே விடும் நீர் அது.

எதிரே வந்து எங்களை அழைத்துப்போன அஞ்சலையிடம், உங்கள் நிலமும் சுரங்கத்துக்குப் போயிற்றா என்று கேட்டேன்.

"எங்களுக்கு ஏது மேடம் நெலம்? அடுத்தவங்க கொல்லையில நடவு, களையெடுப்பு, அறுப்பு. அதான் எங்க வேல. நெலம் வச்சிருந்தவங்களுக்குப் பணம் வந்துச்சி. எங்களுக்கு வேல போச்சி. அப்புறம் டவுன்ஷிப்ல கான்ட்ராக்ட்ல பெருக்கினேன், ஒம்போது வருசம். அந்த ரோடெல்லாம் பெருக்கிப் பெருக்கியே மனப்பாடம். வழி தெரிஞ்ச ஊருல வண்டி ஓட்டலாமேன்னுதான் ஆட்டோ எடுத்தேன்."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் புகார் இல்லை. ஆட்டோ எடுத்ததைச் சொன்ன இடத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஒன்பதரை மணி. சிமெண்ட் ஓடு வேய்ந்த இரண்டறை வீடு. பக்கத்தில் தென்னங்கீற்றுக் கொட்டகைக்குள் பச்சை ஆட்டோ. அதன் மேல் யாரோ போர்வை போர்த்தி வைத்திருந்தார்கள். செல்வம் முதலில் சீட்டுக்கு அடியிலிருந்த பெரிய ஸ்விட்சை அணைத்தான். ஜிபிஎஸ் பெட்டியின் வயரைக் கழற்றினான். பிறகு பேட்டரியின் மேல்மூடியில் இருந்த எட்டு திருகுகளை எடுத்து ஒரு தட்டில் வரிசையாக வைத்தான்.

உள்ளே பதினாறு செல்கள். செல்வம் மீட்டரின் இரு முனைகளையும் ஒவ்வொன்றாக வைத்து எண்ணைச் சொல்ல, நான் பயணக் குறிப்பேட்டில் எழுதினேன்.

"எதாவது ஒரு செல்லு ரெண்டு வோல்ட்டுக்குக் கீழ இருந்தா நான் தொட மாட்டேன், அஞ்சலைம்மா. அப்படிப்பட்ட செல்லுல சார்ஜ் ஏத்தினா சூடாகும், தீப்பிடிக்கலாம். அப்ப கடைக்காரர் சொன்னதுதான். மனசைத் தயார் பண்ணிக்கோங்க."

அஞ்சலை கொட்டகைக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இரண்டு புள்ளி நான்கு. இரண்டு புள்ளி நான்கு. இரண்டு புள்ளி ஐந்து. இப்படியே போய்ப் பதினோராவது செல்லில் மீட்டர் இரண்டு புள்ளி இரண்டைக் காட்டியபோது நான் எழுதாமல் தம்பியின் முகத்தைப் பார்த்தேன். அவன் அதை மட்டும் இரண்டு தடவை அளந்துவிட்டு அடுத்ததற்குப் போனான். பதினாறும் முடிந்தது. செல் எதுவும் ஊதியிருக்கவில்லை. எதுவும் இரண்டுக்குக் கீழே இல்லை. மொத்தம் முப்பத்தெட்டு புள்ளி நான்கு வோல்ட்.

"உசுரு இருக்கு" என்றான் செல்வம்.

அஞ்சலை உள்ளே போய்விட்டார். திரும்பி வரும்போது முகம் கழுவியிருந்தார்.

அடுத்த சிக்கல் சார்ஜர். அதைச் செல்வம் எனக்குப் புரியும்படி சொன்னான்: சார்ஜர் மின்சாரம் கொடுப்பதற்கு முன் எதிரில் பேட்டரி இருக்கிறதா என்று பார்க்கும். நாற்பத்திரண்டு வோல்ட்டாவது தெரிந்தால்தான் நம்பும். முப்பத்தெட்டில் கிடப்பதைப் பேட்டரியாகவே அது மதிக்கவில்லை. அதனால்தான் வெறும் பச்சை விளக்கு. அந்த நான்கு வோல்ட்டை வேறு எங்கிருந்தாவது மெதுவாக ஏற்றிவிட்டால், மீதியைச் சார்ஜர் பார்த்துக்கொள்ளும்.

"வேற ஆட்டோ பேட்டரியில இருந்து வயர் போட்டா?" என்று கேட்டேன்.

"ரெண்டுக்கும் நடுவுல அவ்ளோ வித்தியாசம் இருக்கறப்ப கரண்ட் வெள்ளமா பாயும். வயர் உருகிடும். இதுக்கு சோலார் பேனல்தான் சரி. அது கேள்வி கேக்காது, வெயில் இருந்தா தள்ளும். கொஞ்சமாத்தான் தள்ளும். ஒரே ஒரு பேனல்னா நாப்பத்தாறு வோல்ட்டுக்கு மேல அதால போகவே முடியாது, அதனால பேட்டரிக்கும் ஆபத்தில்ல." அஞ்சலையிடம் திரும்பினான். "இங்க யார்கிட்டயாவது பெரிய பேனல் இருக்கா?"

இருந்தது. தெருமுனையில் கோதண்டத்தின் சலூன். தகரக் கூரையில் ஒரே ஒரு பேனல். அடிக்கடி லைனில் வேலை என்று பகலில் மின்சாரம் நிற்பதால், ஒரு மின்விசிறிக்கும் முடிவெட்டும் மிஷினுக்குமாக அவர் வாங்கிப் போட்டது. நாங்கள் போனபோது ஒருவருக்கு முகச்சவரம் நடந்துகொண்டிருந்தது. அஞ்சலை விஷயத்தைச் சொன்னார்.

"இன்னா அஞ்சல, பேனலக் கழட்டிகினு போயிட்டா நான் எதுல ஃபேன் போடுறது? இன்னிக்கு பதினோரு மணிக்குக் கரண்ட்டு நிறுத்துறாங்க. மெசேஜு வந்துகிது."

"வெள்ளிக்கெழமதானண்ணே. யாரு வரப்போறா முடி வெட்ட?"

"தோ, இவரு வந்துகிறாரே."

சோப்பு நுரையோடு சாய்ந்திருந்த வாடிக்கையாளர், "எனக்கு முடிஞ்சிடுச்சி, குடுத்துடு" என்றார். அவருக்குப் பாதிக் கன்னம் பாக்கி இருந்தது.

கோதண்டம் சிரித்துவிட்டார். ஆனால் கத்தியைத் துடைத்து வைத்தபின் முகம் மாறியது. "கண்ணாடி ஒடஞ்சா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஒடஞ்சா புதுசு நான் வாங்கித் தர்றேன்" என்றான் செல்வம்.

அஞ்சலை குறுக்கிட்டார். "சார் எதுக்குத் தரணும்? வண்டி எனுது. ஒடஞ்சா நான் தருவேண்ணே."

பத்தே முக்காலுக்கு பேனலை நான்கு பேர் சேர்ந்து தூக்கி வந்தோம். இருபத்திரண்டு கிலோ. பின்பக்கம் ஒட்டியிருந்த தாளில் நாற்பத்தைந்து புள்ளி ஒன்பது வோல்ட் என்று அச்சிட்டிருந்ததைச் செல்வம் எனக்குக் காட்டினான். வாசலில் இரண்டு செங்கல் வரிசைமீது அதைச் சாய்த்து, வயரின் நடுவே டயோடை வைத்து, பேட்டரியின் சார்ஜ் முனையில் இணைத்தான். சூரியன் ஏறக்குறைய உச்சியில். என்னால் தரையில் வெறுங்காலை வைக்க முடியவில்லை.

மீட்டர் காட்டிய மின்னோட்டம் பூஜ்யம் புள்ளி இரண்டு ஆம்பியர்தான்.

பதினைந்து நிமிடம் கழித்தும் அதேதான். பேனலின் மேல் செம்மண் தூசி படிந்திருப்பதைப் பார்த்த அஞ்சலை, ஒரு குடம் வாய்க்கால் தண்ணீர் கொண்டுவந்து துணியால் துடைத்துக் கழுவினார். ஒரு சில நிமிடம் எண் ஏறியது. பிறகு பழையபடி இறங்கிவிட்டது. செல்வம் எல்லா இணைப்புகளையும் கழற்றி மறுபடி மாட்டினான். டயோடைச் சோதித்தான். பேனலைத் தனியாக அளந்தபோது முப்பத்தொன்பது சொச்சம்தான் வந்தது. தாளில் இருந்ததற்கு ஆறு வோல்ட் குறைவு.

"பேனல் பழசாயிடுச்சு போல" என்றான். அவன் குரல் தளர்ந்ததை நான் கவனித்தேன். பிளான்ட்டில் எத்தனையோ கருவிகளைச் சரிசெய்தவன், ஒரு கிராமத்து வீட்டு வாசலில் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தான்.

பதினொன்றரை. தெரு முழுக்க மின்சாரம் நின்றிருந்தது. கோதண்டம் கடையைப் பூட்டிவிட்டு, தன் பேனலைப் பார்த்துக்கொள்ள எங்களோடு வந்து உட்கார்ந்துவிட்டார்.

அப்போது அஞ்சலை கேட்டார்: "சார், நான் தண்ணி ஊத்தினப்ப நம்பரு ஏறிச்சில்ல?"

"தூசி போனதால ஏறியிருக்கும்."

"தூசி போனா போனதுதானே? அப்புறம் ஏன் எறங்கிச்சி? மறுபடி தூசி வரலியே."

செல்வம் அவரைப் பார்த்தான். பிறகு பேனலின் அடியில் கையை வைத்து, சுட்டதுபோல் வெடுக்கென்று எடுத்தான். நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"சூடு! பேனலுக்கு வெளிச்சம்தான் வேணும், சூடு ஆகாது. சூடு ஏற ஏற வோல்ட்டு கொறையும். இது நான் படிச்ச பாடம்க்கா. உச்சி வெயில்லதான் நல்லா வரும்னு நானே பதினோரு மணிக்கு வச்சிருக்கேன் பாரு."

சுடும் கண்ணாடியில் குளிர்ந்த நீரை ஊற்றினால் விரிசல் விடும் என்று கோதண்டம் பதறினார். வாய்க்கால் தண்ணீர் இளஞ்சூடாக இருப்பது அப்போதுதான் உபயோகப்பட்டது. அஞ்சலை வீட்டிலிருந்து நான்கு சாக்குகள் கொண்டுவந்தார். அவற்றை நனைத்துப் பேனலின் முதுகில் ஒட்டினோம். வயர் பெட்டி இருந்த இடத்தை மட்டும் செல்வம் ஈரம் படாமல் விட்டான். முன்பக்கக் கண்ணாடியில் அஞ்சலை ஒரு சொம்பால் மேலிருந்து மெதுவாக வழியவிட்டார்.

நாற்பது. நாற்பத்தொன்று. நாற்பத்து மூன்று புள்ளி ஐந்து. வயரை இணைத்ததும் மின்னோட்டம் ஒன்று, இரண்டு என்று ஏறி மூன்றரையில் நின்றது.

கோதண்டம், "அட!" என்றார்.

அதற்குப் பிறகு மூன்று மணி நேரம் தண்ணீர் ஊற்றுவதுதான் வேலை. முறை வைத்துக்கொண்டோம். எழுபதடி தூரத்தில் வாய்க்கால். ஒரு குடம் ஏறக்குறைய ஏழு நிமிடம் வந்தது. என் முறையில் நான் தூக்கிய குடங்கள் ஒன்பது. இடுப்பில் வைத்துத் தூக்கத் தெரியாமல் பாதியை என் சேலையிலேயே கொட்டிக்கொண்டேன். அரை மணிக்கொரு தரம் செல்வம் ஒவ்வொரு செல்லையும் தொட்டுப் பார்த்து அளந்தான். எதுவும் சூடாகவில்லை. பதினோராவது செல்லும் மற்றவற்றோடு சேர்ந்து ஏறிவந்தது. இடையில் அஞ்சலை கருவாட்டுக் குழம்பும் சோறும் போட்டார். தெருவில் போனவர்கள் நின்று, பேனலை ஏன் குளிப்பாட்டுகிறீர்கள் என்று கேட்டார்கள். கோதண்டம் எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தார்: "சளி புடிச்சிகிது, அதான்."

பிற்பகல் இரண்டே முக்காலுக்குப் பேட்டரி நாற்பத்திரண்டு புள்ளி ஒன்றைத் தொட்டது. ஆனால் மின்சாரம் இன்னும் வரவில்லை. வெயில் சாயத் தொடங்கியிருந்தது. பேனலை மேற்கே திருப்பி வைத்தோம். மூன்று இருபத்தைந்துக்கு எதிர்வீட்டில் தொலைக்காட்சி திடீரென்று அலறியது. அஞ்சலை ஓடிப்போய் சார்ஜரைச் சொருகினார்.

பச்சை விளக்கு சிமிட்டியது. ஒரு தடவை, இரண்டு தடவை. உள்ளே ஏதோ 'டக்' என்றது. சிவப்பு விளக்கு நிலையாக எரிந்தது. சார்ஜரின் விசிறி சுழலத் தொடங்கியது.

யாரும் கை தட்டவில்லை. அஞ்சலை சார்ஜருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அந்தச் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, "டீ போடுறேன்" என்றார். செல்வம் மூடியின் எட்டுத் திருகுகளையும் முடுக்கினான். இருட்டுவதற்குள் சார்ஜரை எடுத்துவிட வேண்டும், ஆளில்லாமல் விடக் கூடாது, மீதியைக் காலையில் ஏற்றலாம் என்று இரண்டு முறை சொன்னான். பேனலைத் தூக்கிப்போய்க் கோதண்டத்தின் கூரையில் மாட்டியபோது அது எங்கள் எல்லோரையும்விடச் சுத்தமாக இருந்தது.

சனிக்கிழமையைப் பற்றி எழுத அதிகமில்லை. செல்வம் காலை ஷிப்ட் போனான். நானும் மாலாவும் சூப்பர் பஜாரில் சுற்றி, பண்ருட்டிப் பலாச்சுளை கால் கிலோ நாற்பது ரூபாய்க்கு வாங்கி மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து தின்றோம். என் இடுப்பு முழுக்க வலி. "அண்ணி, ஊர் சுத்திப் பாக்க வந்துட்டு தண்ணி தூக்கினது நீங்க ஒருத்தர்தான்" என்று மாலா அன்று முழுவதும் சொல்லிச் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வாசலில் ஹாரன் கேட்டது. பச்சை ஆட்டோ. கழுவித் துடைத்து, கண்ணாடியில் கதம்பம் சுற்றியிருந்தது. அஞ்சலை என்னை "மேடம்" என்று கூப்பிடுவதை எப்போது விட்டார் என்று தெரியவில்லை.

"ஏறுக்கா. ஸ்கூலு ரூட்ட ஒரு தபா முழுசா ஓட்டிப் பாத்துடலாம். தாங்குதான்னு தெரியணும். அப்படியே ஊரையும் பாத்துக்க."

நெய்வேலியை நான் பார்த்தது அந்தச் சுற்றில்தான். பிளாக் பிளாக்காக, அளவெடுத்துப் போட்ட தெருக்கள். இருபுறமும் தூங்குமூஞ்சி மரங்கள் மேலே கைகோத்திருந்தன. ஒவ்வொரு குவார்ட்டர்ஸுக்கும் ஒரு தோட்டம்: ஒன்றில் கருவேப்பிலையும் முருங்கையும், அடுத்ததில் யாரோ நாஞ்சில் நாட்டிலிருந்து கொண்டுவந்து வைத்த செவ்வாழை. மரங்களுக்கு மேலே தூரத்தில் குளிர்விக்கும் கோபுரங்களின் வெள்ளைப் புகை. ஷிப்ட் முடிந்த நிறுவனப் பேருந்துகள் எதிரே வந்தன. சில திருப்பங்களில் அஞ்சலை எதையாவது சொல்வார். "இந்த வேப்ப மரம் இலைய உதுத்தே என்னியக் கொன்னுது." "இந்த வூட்டம்மா தெனம் காப்பி குடுப்பாங்க."

ஆறு வீடுகளின் வாசலிலும் நிறுத்தி ஹாரன் அடித்தார். ஐந்தாவது பிளாக்கில் பல் தேய்த்துக்கொண்டே ஓடிவந்த சிறுமி, "அம்மா, அஞ்சலைக்கா வந்துட்டாங்க!" என்று கத்தினாள். அவள் அம்மா ஈரக் கையோடு வெளியே வந்தார். பேச்சில் திருநெல்வேலி மாறாமல் இருந்தது.

"நீங்க வருவீயளா மாட்டீயளான்னு ரெண்டு நாளா இவ என்னை அரிச்சு எடுத்துட்டா. நாளைக்கு எட்டு மணிக்கு வந்துருங்க, என்ன?"

ஐந்து வீடுகளில் இப்படித்தான். ஆறாவதில் மட்டும், ஒரு தந்தை கேட் வரை வந்து, பார்வையைத் தாழ்த்திக்கொண்டு, நேற்றுதான் வேறு வேனுக்குச் சொல்லிவிட்டோம் என்றார். அஞ்சலை, "பரவால்ல சார், புள்ள நல்லபடியா போயிட்டு வரட்டும்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார். அடுத்த தெரு முடியும் இடத்தில், "அஞ்சி புள்ளைங்க. ஒரு எடம் காலியா இருந்தா பைய வைக்கலாம்" என்றார்.

முழுச் சுற்று பதினொரு கிலோமீட்டர். இரண்டு தடவை சுற்றினோம். மீட்டரில் சார்ஜ் எழுபத்தொரு சதவீதம் மீதி. அஞ்சலை அந்த எண்ணை எனக்கு இரண்டு முறை காட்டினார்.

பதினொன்றரைக்கு எனக்கு விருத்தாசலம் பேருந்து. செல்வமும் மாலாவும் வீட்டிலேயே விடைகொடுத்துவிட்டார்கள். பேருந்து நிலையத்துக்கு அஞ்சலைதான் கொண்டுவந்து விட்டார். வழியில் நான் கரூரைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தேன். எங்கள் ஊரில் ஒரு போர்வையைக் காட்டினால் எந்தத் தறியில் எந்தத் தெருவில் நெய்தது என்று சொல்லிவிடுவோம். ஆனால் அந்தத் தறியை ஓட்டும் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. சுவிட்சைத் தட்டினால் வரும் என்பது மட்டும்தான் தெரியும். இங்கே மூன்று நாளில் மின்சாரத்தை வோல்ட் வோல்ட்டாக, குடம் குடமாகப் பார்த்துவிட்டேன். இதைச் சொன்னபோது அஞ்சலை, "தண்ணி தூக்கினவங்களுக்குத்தான் தெரியும்" என்று சிரித்தார்.

பேருந்தில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. அஞ்சலை பெட்டியை ஏற்றிவிட்டுக் கீழே இறங்கினார். நான் கைகாட்டுவதற்காகக் குனிந்து பார்த்தேன். பேருந்து கிளம்பும்வரை அவர் நிற்பார் என்று நினைத்தேன். அவரோ ஏற்கெனவே வண்டியில் ஏறியிருந்தார்.

"வர்றேன்க்கா! இருட்டறதுக்குள்ள போயி சார்ஜு ஏத்தி எடுக்கணும், நாளைக்கு எட்டு மணிக்கு புள்ளைங்க நிக்கும்!"

சத்தமே இல்லாமல் திரும்பிய பச்சை ஆட்டோ, பேருந்துகளுக்கு நடுவே வளைந்து, சாலையில் ஏறி, மரநிழலுக்குள் போய்விட்டது. எனக்கு முன்னால் அது கிளம்பிப் போனதில் மனம் நிறைந்திருந்தது.